நுனிக்குப் போகாத சங்கு

ஓடுகிற மோட்டார் சைக்கிளைக் கொடுத்துவிட்டு ஒரு சிந்தசைசரை வாங்கிய ஆள் நான். பினாங்கு ஹோட்டல் ஒன்றில் வாசித்துக்கொண்டிருந்தவரிடம் அது இருந்தது. அவர் என் மோட்டாரில் ஏறிக் காற்று வாங்கிக்கொண்டு போனார். நான் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஈப்போ வரைக்கும் பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், “தையல் மிஷினா தம்பி?” என்று கேட்டார்.

“ஆமாங்கையா. காத்தத் தைக்கிற மிஷின்.”

“ஓ, புதுசா வந்திருக்கு போல” என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பகலில் ரேடியோ பழுது பார்க்கும் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் வாசிக்கிற ஓர் இசைக்குழுவில் இருந்தேன். அதுவரைக்கும் நான் குழுவில் ஆர்மோனியம் வாசித்தேன் என்று சொல்லிக்கொள்வேன். சுமந்தேன் என்பதுதான் சரி. சிந்தசைசர் வந்த பிறகு இரண்டையும் சுமந்தேன்.

குழுவை நடத்தியவர் கிட்டார்க்காரர். எல்லோருக்கும் அண்ணன். டிரம்ஸ் வாசித்தவன் சுங்கை சிப்புட்டில் லோரி ஓட்டுகிறவன். என் வயசு. லோரி ஓட்டுகிற மாதிரியே வாசிப்பான், பிரேக் பிடிக்க மாட்டான். பெட்டியைப் பார்த்த அன்றே அண்ணன் ஒரு வேலை கொடுத்தார்.

“டேய், திரை தூக்குறப்ப எனக்கு ஒரு சத்தம் வேணும். கீழேருந்து மெல்லமா ஏறணும். ஏறி ஏறி, ஜனங்களுக்கு மூச்சு முட்டணும். உச்சிக்குப் போச்சுன்னா டிரம்ஸ் டமார்னு இறங்கணும். முழுசா ஒரு நிமிஷம். முடியுமா?”

“முடியும்ண்ணே” என்றேன். எதைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவேன். பிறகுதான் யோசிப்பேன்.

அந்தச் சத்தத்துக்கு நாங்கள் வைத்த பெயர் ஏத்தம். அதை எப்படிச் செய்வது என்று சொல்லித் தர ஆளில்லை. ஒவ்வொரு திருகாகத் திருகிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். முதலில் சுருதியை மட்டும் ஏற்றினேன். கொசு பறந்தது. “மச்சான், அடிச்சுக் கொல்லவா?” என்று டிரம்ஸ்காரன் கையை ஓங்கினான். பிறகு இரண்டு சுருதிகளை ஒரு மயிரிழை விலக்கி வைத்தேன். ஒன்றோடு ஒன்று உரசி அதிர ஆரம்பித்ததும் சத்தத்துக்கு உடம்பு வந்தது. அதற்கு அடியில் தகரக் கூரையில் விழும் மழை மாதிரி ஓர் இரைச்சலைச் சேர்த்தேன். மூச்சும் வந்தது.

இருப்பதிலேயே எனக்குப் பிடித்தது ஃபில்டர் திருகு. அது சத்தத்தின் வாயைப் பொத்தியிருக்கும் கை. அதை மெதுவாக விலக்க விலக்க, எங்கோ பின்கட்டில் முனகிக்கொண்டிருந்தது ஒவ்வோர் அறையாகக் கடந்து வாசலுக்கு வரும். வேகம்தான் தந்திரம். ஒரே வேகத்தில் ஏற்றினால் காது பழகி, ஏறுவதையே மறந்துவிடும். முதல் அரை நிமிடம் ஏறுகிறதா இல்லையா என்று சந்தேகமாக இருக்க வேண்டும். கடைசியில் நம்மை யாரோ துரத்துகிற மாதிரி ஆக வேண்டும். திருகு மூன்று, எனக்கு இருந்ததோ இரண்டு கை. இடது கைக்கு ஃபில்டர், வலது கைக்குச் சுருதி. மழைத் திருகில் ஒரு தூண்டில் நரம்பைச் சுற்றி, மறுமுனையை வலது கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டேன். காலை மெல்லப் பின்னுக்கு இழுத்தால் மழை கூடும். பார்க்கிறவர்களுக்கு நான் நாற்காலியிலிருந்து வழுக்கி விழுந்துகொண்டிருக்கிற மாதிரி தெரியும்.

இவ்வளவும் செய்தேன். முடிக்கத்தான் முடியவில்லை.

ஒவ்வொரு முறையும் முக்கால் பங்குக்கு வந்ததும் வலது கை நின்றுவிடும். நானாக நிறுத்தவில்லை. கை நிற்கும், அவ்வளவுதான். பிறகு விரல் தளர்ந்து, தானாகத் திருகைப் பின்னுக்குத் திருப்ப, ஏறிய சத்தமெல்லாம் வழுக்கிக் கீழே இறங்கிவிடும். குச்சியைத் தூக்கிப் பிடித்திருந்த டிரம்ஸ்காரன் என்னைப் பார்ப்பான்.

“என்னா மச்சான், பெட்ரோல் முடிஞ்சுபோச்சா?”

“திருகு கெட்டுப்போச்சு மச்சான். அங்க வந்தா பிடிக்குது.”

கடையில் வைத்து அந்தத் திருகைக் கழற்றினேன். துடைத்தேன், எண்ணெய் விட்டேன், புதிதாக ஒன்று போட்டேன். ரேடியோ பழுது பார்க்கிறவன் நான். அதில் ஒரு கோளாறும் இல்லை என்று முதல் நாளே எனக்குத் தெரியும். ஆனாலும் மூன்று முறை கழற்றினேன்.

நாங்கள் வாசித்துப் பழகியது ஒரு கோப்பிக்கடைக்கு மேலே, ஞாயிறு பிற்பகல்களில். கடைக்காரச் சீனர், நாங்கள் தவுக்கே என்று கூப்பிடுவோம், அரைத் தமிழ் பேசுவார். எங்கள் பாட்டுகளை அதுவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. காது மந்தம் என்று நினைத்திருந்தோம். ஏத்தம் தொடங்கிய மாதம் அவர்களுக்கு ஏழாம் மாதம், செத்தவர்கள் திரும்பி வந்து ஊரைச் சுற்றிப் பார்க்கிற மாதம். அது எனக்குத் தெரியும். இந்த நாட்டில் பிறந்தவனுக்குத் தெரியாமல் இருக்காது. நினைவில்தான் இல்லை. இரண்டாவது ஞாயிறு படியேறும்போது, முதல் படியில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. பக்கத்துத் தட்டில் ஓர் ஆரஞ்சு. மூன்றாவது ஞாயிறும் அப்படியே. அந்த ஆரஞ்சை நான் தின்றுவிட்டேன். யாருக்காக வைத்தது என்று தெரிந்தேதான் தின்றேன். நல்ல இனிப்பு.

அன்றைக்கு இறங்கி வரும்போது தவுக்கே என்னை நிறுத்தினார். ஆரஞ்சுக்காகத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“தம்பி, நீ மேலே யாரையோ கூப்புடுறே லா.”

“பாட்டு தவுக்கே. மிஷின் பாட்டு.”

“பாட்டோ என்னாவோ. கூப்புட்டா முழுசா கூப்புடு. பாதியிலே நிறுத்துறே. வந்தவன் எங்கே போவான்? என் கடையிலேதானே உக்காருவான்?”

டிரம்ஸ்காரன் சிரித்தான். நானும் சிரித்தேன். நான்தான் முதலில் சிரித்தேன். பஸ்ஸில் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஜன்னல் பக்கத்து இடத்தைக் காலியாக விட்டுவிட்டு ஓர இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரமே அண்ணன் ஒரு நிகழ்ச்சிக்கு ஒப்புக்கொண்டு வந்தார். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். விற்றுவிட்டார்கள், லயங்களை, தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, இடிக்கப் போகிறார்கள். கடைசியாக எல்லோரும் கூடிப் பாட்டுக் கேட்டுவிட்டுப் பிரியலாம் என்று தோட்டத்து ஜனங்களே ஏற்பாடு செய்தது. எந்தத் தோட்டம் என்று கேட்டேன். சொன்னார். நான் பிறந்த தோட்டம்.

“அங்க அந்த ஏத்தம் கட்டாயம் வேணும்டா. அதுக்குள்ள முடிச்சிரு. இல்லன்னா ‘வணக்கம்’ சொல்லி ஆரம்பிச்சிருவோம், நீ பழையபடி ஆர்மோனியத்தைத் தூக்கு.”

அப்போது நானும் அம்மாவும் ஈப்போவில், புந்தோங் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு இல்லாமல் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வீட்டிலும் பழகுவேன். அம்மாவுக்குச் சத்தம் கேட்காது. காலில் நரம்பைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, கையை மட்டும் இம்மி இம்மியாகத் திருப்புகிற மகனைப் பார்த்துக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். ஒரு நாள் மாலை எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள்.

“அதக் கொடு.”

தலையில் மாட்டிவிட்டேன். கொண்டையில் இடித்தது, சரிசெய்துகொண்டாள். ஆரம்பத்திலிருந்து ஏற்றினேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, அவள் முகம்தான் தெரிந்தது. முக்கால் பங்கில் என் கை நின்றது. தளர்ந்தது. அவள் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. காத்துக்கொண்டு நின்றாள்.

“அவ்வளவுதாம்மா. திருகு கெட்டுப்போச்சு.”

“திருகு கெடலடா” என்றாள். “அன்னிக்கும் இங்கதான் நின்னுச்சு.”

அன்றைக்கு நடந்ததை இப்போது சொல்லிவிடுகிறேன். இவ்வளவு நேரம் மோட்டார் சைக்கிள், ஆரஞ்சு என்று அளந்ததெல்லாம் இதைச் சொல்லாமல் இருக்கத்தான்.

அப்பா தோட்டத்து ஆபீசில் ஜாகா, காவல்காரர். விடியுமுன் ஜனங்களை எழுப்புகிற சங்கும் அவர் பொறுப்பு. ஒரு கம்பத்தில் பொருத்தி, கைப்பிடியைச் சுற்றினால் ஊளையிடுகிற இரும்புச் சங்கு. சுற்றச் சுற்ற ஏறும், விட்டால் தானாக இறங்கிவிடும். மற்றவர்கள் சுற்றினால் சட்டென்று ஏறிவிடும். அப்பா மட்டும் முழுசாக ஒரு நிமிடம் எடுத்துக்கொள்வார். “பொண்டாட்டி மெதுவா எந்திரிக்கட்டும்னு சுத்துறான்யா” என்று லயத்தில் கேலி பேசுவார்கள். உண்மைதான். அம்மாவுக்குத் தூக்கம் பெரிய வியாதி.

அந்தச் சங்கை வைத்துத்தான் எங்கள் லயம் எழுந்தது. ஏற ஆரம்பித்தால் கண்ணைத் திறக்க வேண்டும். பாதிக்கு வந்தால் பாயைச் சுருட்ட வேண்டும். நுனிக்குப் போனால் வாசலைத் தாண்ட வேண்டும். பிறகு எல்லோரும் பெரட்டுக் களத்தில் வரிசையில் நிற்பார்கள். பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவார்கள். நுனிக்கு முன்னால் வாசலைத் தாண்டக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் தாண்டினவன் கதை அன்றோடு முடிந்தது. துரைக்கு நல்ல பிள்ளை, கங்காணிக்குக் கால் அமுக்குகிறவன் என்று தண்ணீர்க் குழாயடியில் வறுத்தெடுத்துவிடுவார்கள். அதனால் உடுத்தித் தயாராக இருக்கிறவர்கள்கூட நுனி வருகிறவரைக்கும் கதவுக்கு உள்ளேதான் நிற்பார்கள்.

எனக்குப் பதினோரு வயது. அன்றைக்குச் சங்கு ஏறியது. பாதியைத் தாண்டியது. முக்கால் பங்குக்கு வந்து, தளர்ந்து, வழுக்கி, இறங்கி அடங்கிவிட்டது. கை நழுவியிருக்கும், மறுபடி சுற்றுவார் என்று லயம் முழுக்கக் காத்திருந்தது. அம்மா பாயைப் பாதி சுருட்டிய நிலையில் உட்கார்ந்திருந்தாள். நான் போர்வைக்குள்ளிருந்து சொன்னேன்:

“அப்பா கொட்டாவி விட்டுட்டாரு. சங்கும் கொட்டாவி விடுது. படும்மா, இன்னிக்கு லீவு.”

அம்மா சிரித்தாள். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த வீட்டில் சிரித்தார்கள். அவர்கள் அடுத்த வீட்டுக்குச் சொன்னார்கள். என் நகைச்சுவை ஒவ்வொரு பலகையாகத் தாண்டி லயத்தின் கடைசி வரைக்கும் போனது எனக்குக் கேட்டது. இருட்டில், வரிசையாக, வீடு வீடாகச் சிரிப்பு. எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா. அம்மா பாயை விரித்து மறுபடி படுத்தாள். கதவு எதுவும் திறக்கவில்லை. நுனி வரவில்லையே, எப்படித் திறப்பார்கள்?

கூரை இடுக்கில் வெளிச்சம் தெரிந்த பிறகுதான், ஆபீசுக்குக் கணக்கெழுத வந்த கிராணி கத்துகிற சத்தம் கேட்டது. அப்பா கம்பத்தடியில் கிடந்தார். உடனே யாராவது போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று ஒருவரும் சொல்லவில்லை. பிழைத்திருக்க மாட்டார் என்றும் ஒருவரும் சொல்லவில்லை.

அடுத்த மாதமே கரண்டுச் சங்கு வந்துவிட்டது. அது ஏறாது, எடுத்த எடுப்பிலேயே நுனியில் நின்று கத்தும். நான் வேடிக்கை பேசுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் எதற்காக நிறுத்தினேன் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

ஹெட்ஃபோனைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு அம்மா சொன்னாள்:

“நான் உன் பேச்சுக்குச் சிரிச்சேன். ஆனா படுத்தது நான்தான்டா. எனக்குத் தூக்கம் வந்துச்சு, படுத்தேன்.” கீரைத் தட்டை எடுத்துக்கொண்டாள். “அங்க வாசிக்கிறப்ப நுனி வரைக்கும் கொண்டு போ. நான் எந்திரிக்கணும்.”

அதற்குப் பிறகு நான் பழகவே இல்லை. பெட்டியைத் துணி போட்டு மூடிவைத்தேன்.

நிகழ்ச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வெயில் தாழ்கிற நேரம். தோட்டத்துக் கூட்டக் கொட்டகை நிரம்பி வழிந்தது. ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போனவர்கள் பிள்ளைகுட்டிகளோடு திரும்பி வந்திருந்தார்கள். அம்மா முதல் வரிசை ஓரத்தில், செருப்பை நாற்காலிக்கு அடியில் கழற்றிவைத்துவிட்டு, ஒரு சால்வையை மடியில் விரித்து உட்கார்ந்திருந்தாள். நான் மேடையில், விரலில் தூண்டில் நரம்போடு. கொட்டகைக்குக் கரண்டு வந்தது ஜெனரேட்டரிலிருந்து. அது ஒரு மூச்சுக்கு ஒரு மாதிரி இழுத்தது. சிந்தசைசரின் சுருதியும் அதோடு சேர்ந்து தள்ளாடியது. இரும்புச் சங்கும் அப்படித்தான் தள்ளாடும். கடையில் இருந்திருந்தால் சரிசெய்திருப்பேன்.

“மச்சான், பெட்ரோல் ஊத்தியாச்சா?” என்று டிரம்ஸ்காரன் காதில் கேட்டான்.

அண்ணன் தலையசைத்தார். ஆரம்பித்தேன்.

முதல் அரை நிமிடம் ஜனங்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஃபில்டரைத் திறந்தேன். பேச்சு ஒவ்வொரு வரிசையாக நின்றது. காலை இழுத்தேன், மழை வந்தது. அம்மா மடியிலிருந்த சால்வையை ஒரு நுனியிலிருந்து சுருட்ட ஆரம்பித்தாள். சத்தம் பாதிக்கு வந்திருந்தது.

முக்கால் பங்கு வந்தது. கை நின்றது.

அதற்கு மேல் சங்கு எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. எத்தனை விடியல்கள் கேட்டிருப்பேன், ஒன்றுகூட நினைவில் இல்லை. அந்த ஒரு நாள் மற்ற எல்லா நாளையும் விழுங்கியிருந்தது. அம்மா சுருட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக் காத்திருந்தாள். கட்டைவிரலில் நரம்பு அறுத்தது. எனக்கு ஒரு வேடிக்கையும் தோன்றவில்லை. வாழ்க்கையிலேயே முதல் முறை. வலது கையில், என் விரல்களுக்கு வெளியே, இன்னொரு கையின் கனம் இருந்த மாதிரி இருந்தது. அது என்னைப் பிடித்து நிறுத்தியிருந்ததா, தள்ளியதா என்று இன்றைக்கும் சொல்ல முடியாது. திருகு நகர்ந்தது.

ஏறியது. மெல்லியதாகி, இறுகி, கூரைத் தகரமெல்லாம் நடுங்க, நுனிக்குப் போய் நின்றது.

டிரம்ஸ் இறங்க வேண்டிய இடம். இறங்கவில்லை. டிரம்ஸ்காரன் குச்சியைத் தூக்கியபடி வாயைப் பிளந்து கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, நடு வழியில் வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மூன்றாம் வரிசையில் ஒருவர் எழுந்தார். பிறகு ஒரு வயதான பெண். பிறகு லயத்துப் பழைய ஆட்கள் எல்லோரும், யாரும் யாரையும் பார்க்காமல், பேசாமல், எழுந்து வாசலைத் தாண்டினார்கள். டவுனிலிருந்து வந்த இளவட்டங்கள் எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்துப் பின்னாலேயே ஓடின.

“டேய், என்னாடா வாசிச்சே? ஜனம் பூரா வெளிய போகுதுடா!” என்றார் அண்ணன்.

நான் எழுந்தேன். நரம்பு காலில் இருந்ததை மறந்துவிட்டேன். மழைத் திருகு முழுசாகத் திறந்து ஒரு பெரிய இரைச்சல் வந்தது, பிறகு நரம்பு அறுந்தது. நான் வெறுங்காலோடு, கட்டைவிரலிலிருந்து நரம்பு இழுபட, வெளியே ஓடினேன்.

பெரட்டுக் களத்தில் நின்றிருந்தார்கள். வரிசையாக. அவரவர் பழைய இடத்தில். இடையிடையே ஓர் ஆள் அகலத்துக்கு, இரண்டு ஆள் அகலத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். செத்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் உரிய இடம். யாரும் நெருங்கி நின்று அதை அடைக்கவில்லை. அம்மா வரிசையில் நிற்கவில்லை. எல்லோரையும் கடந்து, ஆபீஸ் பக்கம் இருந்த கம்பத்துக்குப் போனாள். சங்கைக் கழற்றி எவ்வளவோ காலமாகிவிட்டது. துருப்பிடித்த இரும்புப் பட்டை மட்டும் இருந்தது. கைப்பிடி இருந்திருக்க வேண்டிய உயரத்தில் கையை வைத்தாள். பிறகு குனிந்து, அப்பா கிடந்த இடத்தில் புல்லைத் தொட்டாள். ஆளைத் தொட்டு எழுப்புகிற மாதிரி, இரண்டு முறை.

நான் பக்கத்தில் போய் நின்றேன். நிமிர்ந்து என் காலைப் பார்த்தாள்.

“என்னாடா இது? கச்சேரிக்கு வந்தியா, மீன் புடிக்க வந்தியா?”

முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். “என்னா சொன்னாங்க, என்னா சொன்னாங்க” என்று பின்னால் கேட்டார்கள். ஒருவர் இன்னொருவருக்குச் சொல்ல, வரிசை வரிசையாகச் சிரிப்பு பின்னால் போனது. காலியாக விட்ட இடங்களைத் தாண்டித் தாண்டிப் போனது. அது போகிற வழியை நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். கடைசி வரைக்கும் போனது.

கொட்டகைக்குள்ளிருந்து அப்போதுதான் டமார் என்று டிரம்ஸ் இறங்கியது. எவ்வளவு நேரம்தான் குச்சியைத் தூக்கிக்கொண்டிருப்பான்?

“போ, போயி வாசி” என்றாள் அம்மா. “நான் கொஞ்ச நேரம் இங்க இருந்துட்டு வாரேன்.”

போனேன். ஜனங்களும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். மேடையிலிருந்து பார்த்தால் வாசல் வழியாகக் கம்பம் தெரிந்தது. அவள் அதன் அடியில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது பாட்டுக்குத்தான் உள்ளே வந்தாள். வரும்போது நின்று, தனக்குப் பின்னால் யாரோ வருகிற மாதிரி, கதவை ஒரு நொடி பிடித்திருந்து, பிறகு விட்டாள்.